பலா ஈக்குப் பெயர் வைத்தவர்

புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில், ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி என் தாய்மாமாவுக்குக் கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அங்கே பாகற்காய்ப் பந்தல் போட்டார். பந்தலைச் சுற்றி ஒரு மா, இரண்டு பலா, நான்கு பெலிம்பிங் மரங்கள். காய் பறித்தால் இரவுச் சந்தையில் விற்றுவிடுவார். பெரிய வருமானம் இல்லை. ஆனால் அத்தையின் மருந்துச் செலவுக்கு அந்தப் பணம்தான்.

சென்ற ஆண்டு காய்கள் பிஞ்சிலேயே மஞ்சளாகிக் கோணி விழத் தொடங்கின. பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு. பழ ஈயின் வேலை என்று மாமாவுக்குத் தெரியும். ஒரு கடையில் பழ ஈக்கு மருந்து கேட்டார். கிராம்பு வாசம் அடிக்கும் எண்ணெய் ஒரு சின்னப் புட்டியில் கிடைத்தது. அதைப் பஞ்சில் நனைத்து, துளை போட்ட தண்ணீர் போத்தலுக்குள் வைத்துப் பந்தலில் தொங்கவிட்டார். ஒரே வாரத்தில் போத்தல் செத்த ஈக்களால் நிரம்பியது. மாமாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆனால் பாகற்காயில் புழு குறையவே இல்லை. அடுத்த இரண்டு பறிப்பும் அப்படியே குப்பைக் குழிக்குப் போயின.

நான் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவி. பழ ஈக்களை மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. கொண்டு இனம் பிரிப்பதுதான் என் ஆய்வு. (உயிரியல் பாடநூலில் வரும் சிவப்புக் கண் டிரோசோபிலாவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அழுகிய பழத்தை மொய்ப்பது. நான் சொல்வது காயைத் துளைத்து முட்டையிடும் வேறொரு குடும்பம்.) படிக்கிற பிள்ளை இதைப் பார்த்துச் சொல்லட்டும் என்று மாமா அந்தப் போத்தலைக் கொடுத்தனுப்பினார். நான் பாகற்காயிலிருந்து பத்துப் புழுக்களைச் சாராயத்தில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் ஈக்களை வெள்ளைத் தாளில் கொட்டிப் பிரித்தேன். பெரும்பாலானவை மாம்பழ ஈ. கொஞ்சம் பெலிம்பிங் ஈ. இடையில் சில, சிறகில் பழுப்புப் பட்டைகளோடு அழகாக இருந்தன. அவை பலாவையும் செம்படாக்கையும் துளைப்பவை. அவற்றை ஊசியில் குத்தி, அடியில் பெயர்ச்சீட்டு எழுதினேன்: பாக்ட்ரோசெரா அம்ப்ரோசா, பிறகு அடைப்புக்குறிக்குள் பப்ரிசியஸ், 1805.

இந்தப் பெயரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். யார் இந்தப் பப்ரிசியஸ் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தமிழ் இலக்கிய வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். சென்னையில் வாழ்ந்து தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்த ஜெர்மன் பாதிரியார் பப்ரிசியஸ். அவரேதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தேடிப் பார்த்தபோது, அவர் 1791-லேயே இறந்துவிட்டார் என்று தெரிந்தது. ஈக்குப் பெயர் வைத்தவர் வேறு ஆள். ஆனால் அவருக்கும் தமிழ் மண்ணோடு தொடர்பு இருந்தது, அவர் அந்த மண்ணை ஒருநாளும் மிதிக்காவிட்டாலும்.

யோகான் கிறிஸ்தியான் பப்ரிசியஸ் 1745 ஜனவரி 7-ஆம் நாள் தொன்டர் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது டென்மார்க்கின் தென் எல்லையில் இருக்கிறது. அன்று சிலெஸ்விக் சிற்றரசைச் சேர்ந்தது. தந்தை மருத்துவர். 17 வயதில் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டிலேயே சோயேகா என்ற நண்பனோடு சுவீடனில் உள்ள உப்சாலாவுக்குக் கிளம்பிவிட்டார். காரணம் ஒன்றே ஒன்று. அங்கேதான் லின்னேயஸ் இருந்தார். உயிர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லில் பெயர் என்ற முறையை உலகுக்குக் கொடுத்தவர்.

உப்சாலாவில் கழித்த அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பிற்காலத்தில் பப்ரிசியஸே எழுதி வைத்திருக்கிறார். படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது. பப்ரிசியஸ், சோயேகா, அமெரிக்காவிலிருந்து வந்த கூன் ஆகிய மூவரும் லின்னேயஸ் வீட்டுக்கு எதிரிலேயே தங்கியிருந்தார்கள். குளிர்கால மாலைகளில் கிழவர் சிவப்பு அங்கியும் பச்சை உரோமத் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் புகைக்குழாயோடு தெருவைக் கடந்து இவர்கள் அறைக்கு வருவார். அரை மணி நேரம் இருக்கிறேன் என்று வருபவர் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். கோடையில் அவர் கிராமத்து வீட்டுக்குப் போனபோது இவர்களும் பின்னாலேயே போய் ஒரு குடியானவர் வீட்டில் தங்கினார்கள். விடிகாலை நான்கு மணிக்கெல்லாம் லின்னேயஸ் எழுந்துவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை லின்னேயஸ் குடும்பத்தோடு வருவார். வைக்கோல் கொட்டகையில் ஒரு விவசாயி நரம்புக் கருவி இசைக்க, எல்லோரும் ஆடுவார்கள். கிழவரும் சில சமயம் ஒரு சுற்று ஆடுவாராம்.

ஆசிரியரை இப்படி நேசித்த மாணவர், பாடத்தில் மட்டும் அவரோடு ஒத்துப்போகவில்லை. லின்னேயஸ் பூச்சிகளைச் சிறகைப் பார்த்துப் பிரித்தார். இரண்டு சிறகு இருந்தால் ஒரு கூட்டம், செதில் சிறகு இருந்தால் இன்னொரு கூட்டம். பப்ரிசியஸ் வாயைப் பார்த்தார். ஒரு பூச்சி எதைத் தின்று எப்படி வாழ்கிறது என்பது வாயில் இருக்கிறது, ஆகவே உறவையும் அங்கேதான் தேட வேண்டும் என்பது அவர் எண்ணம். சொல்வது சுலபம். ஓர் ஈயின் வாயுறுப்பு ஊசிமுனை அளவுகூட இருக்காது. அன்றைய உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, சன்னல் வெளிச்சத்தில், ஆயிரக்கணக்கான பூச்சிகளின் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்தார் மனிதர்.

இந்த முறையில் அவர் 1775-ல் வெளியிட்ட நூல் பூச்சியியலில் ஒரு திருப்பம். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் நிற்காமல் எழுதினார். கடைசிக் கணக்கில் அவர் பெயர் வைத்து விவரித்த பூச்சிகள் கிட்டத்தட்ட 10,000. ஆசிரியர் லின்னேயஸ் வைத்தவை சுமார் 3,000 தான்.

அந்தப் பத்தாயிரத்தில் நமக்குத் தெரிந்தவை எத்தனை என்று பார்த்தபோது அசந்துபோனேன். செம்பனை மட்டை வெட்டும்போது கழுத்தில் விழுந்து கடிக்கும் கெரெங்கா எறும்பு அவர் பெயரிட்டது, 1775. உயரமான மரக்கிளையில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ அவருடையது, 1793. பெட்டியில் வளர்க்கும் ஆசியத் தேனீயும் அதே ஆண்டு. தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களில் நெற்கதிரின் பாலை உறிஞ்சும் நாற்றமடிக்கும் நாவாய்ப் பூச்சி, 1794. மழைக்கு முன் திடலில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பி, 1798. தும்பிகளின் வரிசைக்கே ஒடொனாட்டா என்று பெயர் கொடுத்தவரும் அவர்தான். வாயை வைத்து அவர் உண்டாக்கிய பிரிவுப் பெயர்களில் இன்றுவரை வழக்கில் நிற்பது அந்த ஒன்றுதான். மற்றவற்றை உலகம் மறந்துவிட்டு, லின்னேயஸின் சிறகுப் பெயர்களுக்கே திரும்பிப் போனது. அவருடைய பிரிவுகள் தோற்றன. அவர் வைத்த இனப்பெயர்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

டென்மார்க்கில் உட்கார்ந்துகொண்டு கெரெங்கா எறும்பை எப்படிப் பார்த்தார்? இங்கேதான் தமிழ் மண் வருகிறது. தஞ்சைக் கடற்கரையில் தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களின் குடியேற்றம். லின்னேயஸிடம் படித்த கோனிக் என்பவர் 1768-ல் அங்கே மிஷன் மருத்துவராக வந்தார். செடியும் பூச்சியும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1778-ல் புறப்பட்டு சயாம், மலாக்கா நீரிணைப் பக்கமும் வந்து போனார். பிறகு டால்டார்ப் என்ற படை அதிகாரி. நம் ஓடைகளில் உள்ள புயு மீனை, தமிழில் பனையேறிக் கெண்டையை, தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதி ஐரோப்பாவையே வியக்க வைத்தவர். அவர் தரங்கம்பாடியிலும் சுமத்ராவிலும் பூச்சிகள் பிடித்து அனுப்பினார். குவாலா செலாங்கூர் கடற்கரையில் நின்றால் எதிர்க்கரை அந்தச் சுமத்ராதான். பப்ரிசியஸின் நூல்களில் பூச்சியின் விவரத்துக்குக் கீழே வாழிடம் தரங்கம்பாடி என்ற குறிப்பு அடிக்கடி வருகிறது. அதோடு அனுப்பியவரின் பெயரும் இருக்கும். வெயிலில் வலை வீசி அந்தப் பூச்சியைப் பிடித்துக் கொடுத்த ஊர்க்காரர் யார் என்பது மட்டும் இருக்காது.

பூச்சிகள் பப்ரிசியஸிடம் வந்து சேரவில்லை. அவர்தான் அவற்றைத் தேடிப் போனார். கோப்பன்ஹேகனில் அவருடைய நண்பர்களான செஹெஸ்டெட்டும் லுண்டும் வைத்திருந்த சேகரிப்பு ஒன்று. லண்டனில் ஜோசப் பேங்க்ஸ் வைத்திருந்தது இன்னொன்று. கேப்டன் குக்கின் முதல் கடற்பயணத்தில் பிடித்த பூச்சிகள் எல்லாம் அதில் இருந்தன. கோடை விடுமுறை வந்தால் வண்டியும் கப்பலும் ஏறி லண்டனுக்குப் போவார். அடுத்தவர் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து, பார்த்து, எழுதிக்கொண்டு திரும்புவார். பிற்காலத்தில் பாரிஸ். புரட்சி நடந்த ஆண்டுகளில்கூட அங்கே போவதை அவர் விடவில்லை.

ஏன் இந்த அலைச்சல்? 1775-ல் கீல் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக எடுத்தது. இயற்கை வரலாறு, பொருளாதாரம் இரண்டும் அவர் தலையில். அருங்காட்சியகமும் தோட்டமும் அமைத்துத் தருவதாகச் சொல்லித்தான் அழைத்தார்கள். கடைசிவரை இரண்டும் வரவில்லை. சம்பளமும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. வேலையை விட்டுப் போகிறேன் என்று பலமுறை சொன்னார். ஒவ்வொரு முறையும் மாணவர்கள் டென்மார்க் இளவரசருக்கு விண்ணப்பம் போட்டு அவரை நிறுத்திவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் இரக்கம் வந்ததா, அந்த மாணவர்கள்மேல் மதிப்பு வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. ஆய்வுக்கு வேண்டிய பொருள் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் கிட்டத்தட்டப் பத்தாயிரம் பூச்சிகளுக்குப் பெயர் வைத்த மனிதர் அவர்.

அவசரமும் இருந்தது. பத்தாயிரம் பூச்சிகளுக்கு எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி லத்தீன்தான் ஒதுக்க முடிந்தது. நிறம் இது, பட்டை இங்கே, கால் இப்படி, முடிந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு இது எந்தப் பூச்சி என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். இதை நான் குறையாகவே சொல்கிறேன். அவருடைய விவரிப்புகளில் பலவற்றுக்கு இன்று உயிர் இருப்பதற்குக் காரணம் அவர் எழுத்து மட்டும் இல்லை. அவர் பார்த்த பூச்சிகளில் பல இன்னும் ஊசியில் குத்தியபடி கோப்பன்ஹேகன், லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கலாம்.

நம் பழ ஈக்களின் கதை இங்கே சுவையாகிறது. 1794-ல் பப்ரிசியஸ் கிழக்கிந்தியப் பகுதியைச் சேர்ந்த ஓர் ஈக்கு மஸ்கா ஃபெருஜினியா என்று பெயர் வைத்தார். துருப்பிடித்த நிறமுள்ள ஈ என்று பொருள். மாம்பழத்தைத் துளைக்கும் ஈ அதுதான் என்று இன்றைய வகைப்பாட்டாளர்கள் கொள்கிறார்கள். 1805-ல் ஈக்களுக்கென்றே தனி நூல் எழுதினார். அதில் டாகஸ் என்று ஒரு புதிய பேரினத்தை உண்டாக்கினார். பலா ஈயையும் அதிலேதான் சேர்த்தார். பிறகு பலா ஈ வேறு பேரினத்துக்கு மாறியது. பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் போடுவதன் பொருள் இதுதான்: இனப்பெயர் அவருடையது, பேரினம் பின்னால் மாறிவிட்டது. நான் எழுதிய பெயர்ச்சீட்டில் இருந்த அந்த இரண்டு வளைகோடுகளுக்கு இருநூறு ஆண்டுக் கதை இருந்திருக்கிறது.

மாம்பழ ஈக்கு வைத்த பெயருக்கு வந்த கதி வேறு. நூறு ஆண்டுகளுக்கு மேல் அது புழக்கத்தில் இருந்தது. இந்திய வேளாண்மை நூல்கள் அதை ஃபெருஜினியஸ் என்றே அச்சிட்டன. ஆனால் ஸ்கோப்போலி என்ற இயற்கையாளர் 1763-லேயே வேறொரு ஈக்கு மஸ்கா ஃபெருஜினியா என்று பெயர் வைத்திருந்தார். ஒரே பெயர் இரண்டு ஈக்கு இருக்கக்கூடாது, முந்தியதே நிற்கும் என்பது விதி. ஆகவே பப்ரிசியஸின் பெயர் விழுந்தது. 1912-ல் ஹெண்டல் என்ற ஆஸ்திரியர் தைவானிலிருந்து வந்த ஈக்கு வைத்த டோர்சாலிஸ் என்ற பெயர் அந்த இடத்துக்கு வந்தது. இன்று உலகம் முழுக்கத் தோட்டக்காரர்கள் அஞ்சுவது அந்தப் பெயருக்குத்தான்.

பப்ரிசியஸின் கடைசி ஆண்டுகள் துயரமானவை. அவருக்கும் மனைவி அன்னா செசிலியாவுக்கும் ஒரு மகள், இரண்டு மகன்கள். மகள் இளம் வயதிலேயே பாரிஸில் ஒரு விபத்தில் இறந்தாள். மகன்கள் மருத்துவம் படித்தார்கள். 1807 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படை கோப்பன்ஹேகனைக் குண்டு வீசி எரித்தது. பாரிஸில் இருந்த பப்ரிசியஸ் செய்தி கேட்டு ஊருக்கு விரைந்தார். ஆண்டுக்கணக்கில் நண்பர்களைத் தேடி அவர் போய்வந்த நாடு, அவர் படித்த நகரத்தை எரித்திருந்தது. உடல்நிலை அதன் பிறகு தேறவில்லை. 1808 மார்ச் 3-ஆம் நாள் கீல் நகரில் இறந்தார். வயது 63.

இனி என் புழுக்கள்.

பழ ஈயின் புழுவைப் பார்த்து இன்ன இனம் என்று சொல்வது மிகக் கடினம். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே வடிவம். வளரவிட்டு ஈயாக்கிப் பார்க்கலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், பாதி செத்தும் போகும். சாராயத்தில் போட்ட புழு எப்படியும் வளராது. இந்த இடத்தில்தான் மைட்டோகாண்டிரியா உதவுகிறது. உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் இந்த உறுப்புக்குத் தனி டி.என்.ஏ. இருக்கிறது. வளையம்போல் இருக்கும். பழ ஈக்களில் சுமார் 15,900 எழுத்து நீளம். ஓர் உயிரணுவில் உட்கருவின் டி.என்.ஏ. இரண்டு படிதான் இருக்கும். மைட்டோகாண்டிரியாவினுடையதோ நூற்றுக்கணக்கில் இருக்கும். அதனால் ஈயின் ஒரு கால், புழுவின் ஒரு துண்டு போதும். அந்த வளையத்தில் சி.ஓ.1 என்ற மரபணுவின் 658 எழுத்துகளைப் படித்து, இனங்களுக்கு அடையாளப் பட்டையாக வைத்துக்கொள்ளலாம் என்று 2003-ல் கனடாவின் ஹெபர்ட் குழுவினர் முன்மொழிந்தார்கள். சூப்பர்மார்க்கெட் பொருளில் இருக்கும் கோட்டுக் குறி மாதிரி.

வேலை இப்படி நடக்கும். புழுத் துண்டை நொதியில் கரைத்து டி.என்.ஏ.-வைப் பிரிக்க வேண்டும். பி.சி.ஆர். இயந்திரத்தில் அந்த ஒரு பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்க வேண்டும். எழுத்து வரிசையைப் படிக்க வெளியே அனுப்ப வேண்டும். சில நாளில் கோப்பு வரும். அதை உலகத் தரவுத்தளத்தில் போட்டால், எதோடு ஒத்துப்போகிறது என்று காட்டும்.

முதல் தடவை இதைச் செய்தபோது இயந்திரமே பெயர் சொல்கிறது என்று நினைத்தேன். எழுத்து வரிசைக்கு எந்தப் பெயரும் தெரியாது. ஒரு காலத்தில் யாரோ ஓர் ஈயைக் கையில் எடுத்து, சிறகையும் முதுகையும் பார்த்து, இது இன்னது என்று முடிவுசெய்து, அதன் காலை வெட்டிப் படித்துத் தரவுத்தளத்தில் போட்டிருக்கிறார். அவர் தப்பாகப் பார்த்திருந்தால் தரவுத்தளமும் தப்பாகத்தான் சொல்லும். அப்படித் தப்பான பெயரில் கிடக்கும் பதிவுகளும் இருக்கின்றன. அதனால்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் காலை மட்டும் எடுத்துக்கொண்டு, ஈயின் உடலை ஊசியில் குத்திப் பெயர்ச்சீட்டோடு வைக்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மைட்டோகாண்டிரியா தாயிடமிருந்து மட்டும் வருகிறது. இரண்டு இனம் கலந்து பிறந்த ஈ என்றால் அந்த 658 எழுத்து தாயின் கதையை மட்டும் சொல்லும், தந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மாம்பழ ஈயையும் பெலிம்பிங் ஈயையும் சி.ஓ.1-ஐ மட்டும் வைத்து நம்பிக்கையாகப் பிரிக்க முடியாததும் எங்களுக்குத் தலைவலி. அவ்வளவு நெருங்கிய உறவு. உட்கரு டி.என்.ஏ.-வின் ஒரு பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த நெருக்கம் உலக அளவில் பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. 1994-ல் டுரூ, ஹன்காக் இருவரும் டோர்சாலிஸ் கூட்டத்தை ஆராய்ந்து பல புதிய இனங்களாகப் பிரித்தார்கள். நம் நாட்டில் இருப்பது பப்பாயே என்ற தனி இனம் என்றார்கள். பெலிம்பிங் ஈக்கும் கரம்போலே என்ற பெயர் அப்போதுதான் கிடைத்தது. 2003-ல் கென்யாவில் ஒரு பழ ஈ தோன்றி ஆப்பிரிக்கா முழுக்க மாம்பழத்தை அழித்தது. அதற்கு இன்வேடென்ஸ் என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். பெயர் வேறானால் சட்டமும் வேறு. ஒரு நாட்டில் இருக்கும் ஈ இன்னொரு நாட்டில் இல்லை என்று சொல்லிப் பழத்தைத் துறைமுகத்திலேயே நிறுத்தலாம். பல நாடுகளைச் சேர்ந்த கிட்டத்தட்ட 50 ஆய்வாளர்கள் உடலமைப்பு, இனச்சேர்க்கை, வாசனைப் பொருள், டி.என்.ஏ. எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். 2014-ல் முடிவு வந்தது. பப்பாயே, இன்வேடென்ஸ், டோர்சாலிஸ் எல்லாம் ஒன்றே. கரம்போலே மட்டும் தனி. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பழைய பெட்டிகளில் பப்பாயே என்று எழுதிய சீட்டுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை நாங்கள் கிழிப்பதில்லை. கீழே புதிய சீட்டு ஒன்றைக் குத்துகிறோம்.

பப்ரிசியஸ் வாயைத் தேடிப் போனதும் நாங்கள் 658 எழுத்தைத் தேடிப் போவதும் ஒரே காரணத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணில் முதலில் படுவது ஏமாற்றும். அவருடைய பிரிவுகள் நிலைக்கவில்லை என்பதை நினைத்தால், எங்களுடையது மட்டும் நிலைக்கும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

புழுக்களின் முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பத்தும் ஒரே இனம். மாம்பழ ஈயும் இல்லை, பெலிம்பிங் ஈயும் இல்லை, பலா ஈயும் இல்லை. பூசணி, பீர்க்கு, பாகல் வகைகளைத் தாக்கும் குக்கர்பிட்டே என்ற ஈ. மாமாவின் போத்தலில் அது ஒன்றுகூட இருக்கவில்லை.

காரணம் அந்தக் கிராம்பு வாசம். அது மெத்தில் யூஜினால். சில பழ ஈ இனங்களின் ஆண்களுக்கு அதன்மேல் வெறி. பீகாரின் பூசாவில் வேலை செய்த ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் 1915-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார். மாம்பழ ஈ வரும், பெலிம்பிங் ஈ வரும், பலா ஈயும் வரும். பாகல் ஈ மட்டும் திரும்பிப் பார்க்காது. அதற்கு கியூ லூர் என்ற வேறு பொருள் வேண்டும். மாமா சுற்றியிருந்த மரங்களின் ஈயைப் பிடித்துக்கொண்டிருந்தார். பந்தலின் ஈ அவர் தலைக்கு மேலேயே பறந்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரம் ஊருக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏமாந்த கோபம் கொஞ்ச நேரம் இருந்தது. கடையில் கொடுத்ததும் பழ ஈ மருந்துதான், போத்தலில் செத்ததும் பழ ஈதான், யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. கியூ லூர் வாங்கித் தொங்கவிட்டாலும் ஆண் ஈ மட்டும்தான் சாகும், அதனால் பிஞ்சுக்குத் தாள் சுற்றுவதையும் விழுந்த காயை அன்றே பொறுக்கிப் புதைப்பதையும் விடக்கூடாது என்றேன். பழைய தமிழ்ப் பத்திரிகைகளை அத்தை கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுத்தார்.

தாள் சுற்றிக்கொண்டே பப்ரிசியஸின் கதையையும் சொன்னேன். அருங்காட்சியகம் தருகிறோம் என்று சொல்லித் தராமலே விட்டது மாமாவுக்கு நன்றாகப் புரிந்தது. தோட்டத்தில் வீடு தருகிறோம் என்ற பேச்சை அவரும் பல வருடம் கேட்டவர். இந்தப் பாகல் ஈக்கும் அவர்தான் பெயர் வைத்தாரா என்று கேட்டார். இல்லை, அது ஹவாயிலிருந்து வந்த ஈயைப் பார்த்து 1899-ல் கோக்கிலெட் வைத்தது என்றேன். மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இப்போது அங்கே இரண்டு போத்தல்கள் தொங்குகின்றன, ஒன்று மாமரத்தில், ஒன்று பந்தலில். மாதம் ஒரு முறை இரண்டையும் எனக்குத் தனித்தனிப் பையில் கட்டி அனுப்புகிறார். எது எந்தப் போத்தல், எந்தத் தேதி என்று பென்சிலில் ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுகிறார்.